எவ்வளவு வெட்டணும், டாக்டர்?

பி.காம். படித்தவனுக்கு ஆபரேஷன் தியேட்டர் பக்கம் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். டெபிட், கிரெடிட், கடைசி வரை டாலி ஆகாத ட்ரையல் பாலன்ஸ்... இதைத் தாண்டி எங்கள் கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. ஆனால், ஒரு பழக்கம் மட்டும் உண்டு. கோயிலில் புளியோதரை வாங்கினால்கூட, 'இதுல செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு?' என்று மனசுக்குள் நடுவில் ஒரு கோடு கிழித்து, இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்துவிடுவோம்.

அந்தப் பழக்கத்தோடு மருத்துவச் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினேன். தூக்கிவாரிப் போட்டது.

உடம்பில் இரண்டே இடங்கள். ஒன்று கழுத்தில் தைராய்டு. இன்னொன்று மார்பு. இந்த இரண்டிலும் 'எவ்வளவு வெட்டினால் போதும்?' என்ற ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரிய சர்ஜன்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. அதுவரைக்கும் ஆன செலவு பூராவும் நோயாளிகளின் கணக்கில்!

'இது லேடீஸ் சமாசாரம் ஆச்சே, ஜோக்ஸ் பக்கம் எங்கப்பா?' என்று பக்கத்தைத் திருப்பப் பார்க்கும் பிரம்மச்சாரி வாசகரே, ஒரு நிமிஷம். உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பொறுத்திருந்து பாருங்கள்.

பழைய பைலை எடுத்த டாக்டர்

சுவிட்சர்லாந்து என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சாக்லேட், கடிகாரம், பேங்க் லாக்கர், பனிமலையில் புடவை கட்டிக்கொண்டு ஆடும் ஹீரோயின். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்க்காரர்களுக்கு இன்னொரு அடையாளமும் இருந்தது. கழுத்துக் கழலை. ஆல்ப்ஸ் மலை மண்ணில் அயோடின் சத்து கிடையாது. தைராய்டு சுரப்பிக்கு அயோடின்தான் சாப்பாடு. சாப்பாடு கிடைக்காத சுரப்பி, வீங்கி வீங்கித் தேங்காய் சைஸுக்கு வந்து, மூச்சுக்குழாயையே நெரிக்கும்.

அதை வெட்டி எடுக்கப் பயப்படாத சர்ஜனே அன்றைக்குக் கிடையாது. கை வைத்தால் ரத்தம் பீறிடும். பிழைத்தால் அதிர்ஷ்டம்.

பெர்ன் நகரத்தில் தியோடர் கோக்கர் என்று ஒருவர் வந்தார். வாட்ச் ரிப்பேர்காரர் மாதிரி நிதானம். அவசரமே கிடையாது. ஒவ்வொரு ரத்தக் குழாயாகக் கட்டி, சுத்தபத்தமாக, சிந்தாமல் சிதறாமல் சுரப்பி மொத்தத்தையும் எடுத்து வெளியே வைத்துவிடுவார். நோயாளி பிழைத்து எழுந்து வீட்டுக்கு நடந்து போவார். பிரமாதம்!

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால், கோக்கர் 1874-ல் ஆபரேஷன் செய்த 11 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி அந்த ஊர் டாக்டர் ஒரு தகவல் சொன்னார். ஆபரேஷனுக்குப் பின்னால் பெண் மந்தமாகிவிட்டாள், வளரவே இல்லை என்றார். முன்பெல்லாம் அவளையும் தங்கையையும் அடையாளம் மாற்றிச் சொல்வார்களாம். இப்போது தங்கை வளர்ந்து பெரியவளாகிவிட்டாள். அக்கா மட்டும் அப்படியே நின்றுவிட்டாள்.

ஜெனீவாவில் ரெவெர்டின் என்ற சர்ஜனும் 1882-ல் இதே மாதிரி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்.

இந்த இடத்தில் சாதாரண மனுஷனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? 'ஆபரேஷன் சக்சஸ், அப்புறம் நடந்ததுக்கு நான் பொறுப்பில்லை' என்று பைலை மூடியிருப்பான். கோக்கர் மூடின பைல் எல்லாவற்றையும் திறந்தார். சுரப்பி முழுசாக எடுக்கப்பட்டவர்களை எல்லாம், 'ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள்' என்று கூப்பிட்டார். 18 பேரைப் பரிசோதிக்க முடிந்தது. அதில் 16 பேருக்கு முகம் ஊதி, தோல் தடித்து, பேச்சு மெதுவாகி, மூளை மங்கிப் போயிருந்தது.

இதை அவர் 1883-ல் பெர்லினில், ஊர்ப்பட்ட சர்ஜன்கள் கூடியிருந்த மகாநாட்டில் தன் வாயாலேயே சொன்னார். சாதாரணக் கழலைக்கு இனிமேல் சுரப்பியை முழுசாக எடுக்க மாட்டேன், கொஞ்சம் விட்டு வைப்பேன் என்று முடிவெடுத்தார். தைராய்டு என்பது சும்மா தொங்கும் சதை இல்லை, உடம்பு இன்ஜினின் ஆக்ஸிலரேட்டர் என்று உலகத்துக்குப் புரிந்ததில் இந்த 16 பேருக்குப் பெரிய பங்கு உண்டு. கோக்கருக்கு 1909-ல் நோபல் பரிசு கிடைத்தது. நோபல் வாங்கிய முதல் சர்ஜன் அவர்தான். ஆயுசுக்குள் சுமார் 5,000 தைராய்டு ஆபரேஷன் செய்து, சாவு விகிதத்தை ஒரு சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார்.

பறிபோன ஆக்ஸிலரேட்டருக்கு ஸ்பேர் பார்ட் 1891-ல் வந்தது. இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டர், தைராய்டு வேலை செய்யாத 46 வயதுப் பெண்மணிக்குச் செம்மறி ஆட்டின் தைராய்டுச் சாற்றைக் கொடுக்க ஆரம்பித்தார். அம்மாள் எழுந்து நடமாடி, 74 வயது வரை இருந்தார். அதற்காக 870 ஆடுகளுக்கு மேல் செலவு! இன்றைக்கு அதே வேலையைக் காலையில் வெறும் வயிற்றில் போடும் குட்டி மாத்திரை செய்துவிடுகிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்குமே, அந்த டப்பாதான்.

பாரிஸில் சட்டை துவைத்தவர்

அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் கோக்கருக்கு ஒரு விசிறி இருந்தார். வில்லியம் ஹால்ஸ்டெட். பெர்னுக்கே போய்க் கோக்கரின் கைவேலையைப் பார்த்துவிட்டு வந்தவர். இவர் ஒரு தனிப் பிறவி. சட்டைகளைச் சலவைக்குப் பாரிஸுக்கு அனுப்புவார். (நம்ம ஊர் லாண்டரியில் பட்டன் போனால் நாம் புலம்புகிறோம்!) தியேட்டர் நர்ஸின் கை, கிருமிநாசினி பட்டுப் புண்ணாகிறதே என்று குட்இயர் கம்பெனியில் சொல்லி ரப்பர் கையுறை செய்து கொடுத்தார். சர்ஜன்கள் கையுறை போடும் வழக்கத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி. 1890-ல் அந்த நர்ஸையே கல்யாணமும் செய்துகொண்டார். நம் ஆபீஸ் வாலிபர்கள் ரோஜாப்பூவோடு நின்றுவிடுகிறார்கள். பாவம்.

கோகெய்னை நரம்பில் ஊசி போட்டு மரத்துப் போகச் செய்யலாம் என்று 1884-85 வாக்கில் தன் மேலேயே பரிசோதனை செய்து, அதற்கே அடிமையாகிப் போனவரும் இவர்தான்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஹால்ஸ்டெட் ஒரு ஆபரேஷன் வகுத்தார். 1894-ல் 50 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். மார்பகம், அதன் அடியில் இருக்கும் மார்புத் தசைகள், அக்குளில் இருக்கும் நெறிகள்... எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுத்துவிடுவது. கான்சர் ஒரு இடத்தில் பிறந்து, மெள்ள மெள்ள அக்கம்பக்கம் பரவுகிறது. எனவே கரையானுக்குப் பயந்து கதவோடு நிலையையும் பெயர்ப்பது மாதிரி, அகலமாக வெட்டினால் தப்பிக்கலாம். இதுதான் லாஜிக்.

அவரைச் சும்மா திட்டிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் வெட்டின இடத்திலேயே கான்சர் திரும்ப முளைப்பது சர்வசாதாரணம். ஐரோப்பிய சர்ஜன்களின் கணக்கில் பாதிக்கு மேல் அப்படித்தான். ஹால்ஸ்டெட் அதை 6 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார். வரவுப் பக்கம் கண்ணுக்குத் தெரிந்தது.

செலவு? விலா எலும்பு தெரியும் பள்ளமான நெஞ்சு. தோளுக்கு மேலே தூக்க முடியாத கை. நிணநீர் வடிய வழியில்லாமல் உலக்கை மாதிரி வீங்கிய புஜம். இதெல்லாம் யாரும் எழுதி வைக்காத கணக்கு. சீடப்பிள்ளைகள் குருவை மிஞ்சினார்கள். கழுத்தெலும்புக்குப் பின்னால், நெஞ்சுக்கூட்டுக்குள் என்று இன்னும் இன்னும் உள்ளே போனார்கள். எண்பது வருஷம் இதுதான் சட்டம்.

அமெரிக்காவில் 1970-கள் வரை இன்னொரு கொடுமையும் நடந்தது. மார்பில் கட்டி என்று போனால் மயக்க மருந்து கொடுப்பார்கள். ஒரு துளி சதை எடுத்து அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கான்சர் என்றால் அப்படியே முழு ஆபரேஷன். கண் விழித்துத் தடவிப் பார்த்தால்தான் அந்தப் பெண்ணுக்கே தெரியும், இருக்கிறதா இல்லையா என்று! ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் 1974-ல், 'முதலில் டெஸ்ட் மட்டும் பண்ணுங்கள். முழித்தபிறகு நான் முடிவு பண்ணுகிறேன்' என்றார். சர்ஜன்கள் ஒருவர் பின் ஒருவராக முடியாது என்றார்கள். அம்மையார் விடவில்லை. 1979-ல் அமெரிக்க அரசின் நிபுணர் குழு இந்த முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தபோது, அந்தக் குழுவில் அவரும் உட்கார்ந்திருந்தார்.

கீன்ஸ் தம்பியும் ஃபிஷர் அண்ணாச்சியும்

காமர்ஸ் படித்தவர்களுக்குக் கீன்ஸ் என்றால் பயம் கலந்த மரியாதை. எக்கனாமிக்ஸ் பேப்பரில் பத்து மார்க் கேள்வி. அந்தக் கீன்ஸுக்கு ஒரு தம்பி உண்டு என்பதை எந்த லெக்சரரும் சொன்னதில்லை. ஜெஃப்ரி கீன்ஸ். லண்டனில் சர்ஜன். இவர் 1920-களிலேயே கட்டியை மட்டும் எடுத்து, ரேடியம் ஊசிகளைச் செருகி வைத்தியம் பார்த்தார். பெரிய ஆபரேஷனுக்கும் இதற்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 1937-ல் எழுதினார். அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் யாரும் சட்டை செய்யவில்லை.

காரணம் எளிது. 'என் நோயாளிகள் நன்றாக இருக்கிறார்கள்' என்று ஒரு சர்ஜன் சொன்னால், 'என் நோயாளிகளும்தான்' என்று இன்னொரு சர்ஜன் சொல்வார். அவரவர் லெட்ஜரை அவரவரே எழுதினால் யாருக்கு நஷ்டம் காட்டும்?

இதற்கு முடிவு கட்டியவர் பிட்ஸ்பர்க் நகரத்து பெர்னார்ட் ஃபிஷர். நல்ல முரட்டு ஆள். கான்சர் செல்கள் ஆரம்பத்திலேயே ரத்தத்தில் கலந்து ஊர் சுற்றக் கிளம்பிவிடலாம். அப்புறம் வாசல் கதவை எவ்வளவு பெரிதாகப் பெயர்த்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்டார். சக சர்ஜன்கள் சீறினார்கள். அவர் வாதாடவில்லை, எண்ணிப் பார்ப்போம் வாருங்கள் என்றார்.

1971-ல் தொடங்கிய முதல் பரீட்சையில் 1,665 பெண்கள். யாருக்கு எந்த ஆபரேஷன் என்பதைச் சர்ஜன் முடிவு செய்யக் கூடாது, சீட்டுக் குலுக்கல்தான். தசையோடு எடுத்தவர்கள் ஒரு பக்கம். தசையை விட்டுவிட்டு மார்பகத்தை மட்டும் எடுத்தவர்கள் மறு பக்கம். 25 வருஷம் கழித்து எண்ணினாலும் உயிர் பிழைத்ததில் வித்தியாசம் இல்லை!

1976-ல் அடுத்த பரீட்சை. 1,851 பெண்கள். இந்தத் தடவை மார்பகத்தை முழுதாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா என்ற கேள்வி. 20 வருஷக் கணக்கு 2002-ல் வந்தது. ஆயுசில் வித்தியாசம் இல்லை. ஆனால், ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுச் சும்மா விட்டவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பில் கான்சர் திரும்பியது. அதோடு கதிர்வீச்சும் கொடுத்தவர்களில் 14.3 சதவீதம்தான். ஆகவே, சின்ன ஆபரேஷனோடு கரன்ட் வைப்பதும் சேர்ந்ததுதான் பேக்கேஜ். ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதைத் தள்ளுபடி கேட்கக் கூடாது. இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசி 701 பெண்களை வைத்துச் செய்த ஆய்வும் அதே 2002-ல் அதையே சொன்னது.

நடுவில் ஒரு ஆடிட் கூத்து. ஃபிஷரின் ஆய்வில் சேர்ந்திருந்த மான்ட்ரியல் டாக்டர் ஒருவர் சில நோயாளிகளின் தேதி, விவரங்களைத் திருத்தியது தெரியவந்தது. 1994-ல் அது பேப்பரில் வெடித்தது. ஃபிஷரைத் தலைமைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். பெண்கள் கலங்கிப் போனார்கள். 'அப்ப எனக்குச் செஞ்ச ஆபரேஷன் தப்பா?' அந்த ஆஸ்பத்திரியின் நோயாளிகளை முழுசாகக் கழித்துவிட்டு மறுபடி கூட்டினார்கள். விடை மாறவில்லை. ஃபிஷர் மேல் குற்றம் இல்லை என்று 1997-ல் தீர்ந்தது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. ஒரு வவுச்சர் கோளாறு என்பதற்காகப் பாலன்ஸ் ஷீட்டே பொய்யாகிவிடாது. ஆனால், கூட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்கே இருக்கிறது என்பதா, என்ன ரகம் என்பதா?

கத்தி சுருங்கச் சுருங்க, மைக்ராஸ்கோப்புக்கு வேலை அதிகமாயிற்று. மார்பகப் புற்றுநோய் என்பது ஒரே வியாதி இல்லை, ஒரே பெயரில் வந்த பல ஆசாமிகள். டெலிபோன் டைரக்டரியில் வரும் எஸ்.ராமன்கள் மாதிரி.

ஸ்காட்லாந்தின் ஜார்ஜ் பீட்சன், சினைப்பைக்கும் மார்புக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று மாட்டுக்காரர்களிடமிருந்து தெரிந்துகொண்டு, முற்றிய மார்பகப் புற்றுநோய் வந்த பெண்ணின் சினைப்பையை எடுத்துப் பார்த்தார். கட்டி வற்றியது. அதை 1896-ல் எழுதினார். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தின்று வளரும் ரகம் அது என்று பிற்பாடு புரிந்தது. அந்தத் தீனியை மறிக்கும் டமாக்ஸிஃபன் மாத்திரை, முதலில் கர்ப்பத்தடைக்காக இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வேலையில் ஃபெயில். கர்ப்பம் தரிக்க உதவி செய்தது! டிபார்ட்மென்ட் மாற்றிப் போட்டதும் டிஸ்டிங்ஷன்.

இன்னொரு ரகம், ஹெர்-2. ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். வேகமாகப் பரவும் போக்கிரி. இந்த ஜீன் பல்கிப் பெருகி இருந்தால் நோய் உக்கிரமாக இருக்கும் என்று கலிபோர்னியாவின் டென்னிஸ் ஸ்லேமன் குழு 1987-ல் காட்டியது. அதற்கென்றே செய்த டிராஸ்டுஸுமாப் மருந்து 1998-ல் வந்தது. போக்கிரி ரகம் வைத்தியத்துக்கு மசியும் ரகமாயிற்று. விலை மட்டும் ஃபிளாட் வாங்கும் விலை. ரோஷ் கம்பெனி இந்தியப் பேட்டன்ட்டை 2013-ல் கைவிட, பெங்களூர் பயோகான் 2014-ல் இங்கேயே தயாரித்ததை விற்க ஆரம்பித்தது.

கத்தி மட்டுமில்லை, கீமோதெரபியும் இளைத்தது. 10,273 பெண்கள் சேர்ந்த ஒரு ஆய்வில், கட்டியின் 21 ஜீன்களைப் பார்த்து மார்க் போட்டார்கள். ஹார்மோன் ரகம், அக்குளுக்குப் பரவாத நிலை, நடுத்தர மார்க். இவர்களில் பெரும்பாலோருக்கு, முக்கியமாக 50 வயது தாண்டியவர்களுக்கு, மாத்திரையே போதும், கீமோ அனாவசியம் என்று 2018-ல் தெரிந்தது.

பிரம்மச்சாரி வாசகரே, இப்போது உங்கள் பங்கு. மேரி க்ளேர் கிங் என்ற அம்மையார், பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோயின் ஜீன் 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1990-ல் காட்டினார். பி.ஆர்.சி.ஏ.-1 என்று பெயர். 1994-ல் அதைப் பிரித்தெடுத்த கம்பெனி பேட்டன்ட் வாங்கிப் பூட்டி வைத்தது. இயற்கையில் இருக்கும் ஜீனுக்குப் பட்டா கிடையாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 2013-ல் ஒருமனதாகச் சொன்னது. சரி, இதில் ஆண்களுக்கு என்ன? அந்தப் பழுது அப்பா வழியாகவும் வரும்! பழுது இருக்கும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வர, பூவா தலையா சான்ஸ். எனவே அத்தைக்கும் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கும் இருந்ததா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. தவிர, மார்பகப் புற்றுநோய் வருபவர்களில் நூற்றுக்கு ஒருவர் ஆண். காம்புக்கு அடியில் வலியில்லாத கட்டி வந்தால், 'ஜிம் போனதால வந்திருக்கும்' என்று பெருமைப்படாதீர்கள். காட்டுங்கள்.

ஜாதகம் பார்த்த நேரம்

என் பெரியம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். குளிக்கும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை. ஏழெட்டு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். ஜவுளி, சத்திரம், சமையல் என்று வீடு அமர்க்களப்பட்டபோதும், முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகி, பெண்ணை அனுப்பிவிட்டுத்தான் பெரியப்பாவிடமே சொன்னாள்.

"ஏம்மா, இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"பொண்ணுக்கு ஜாதகம் பார்த்துக்கிட்டிருந்தோம், டாக்டரய்யா. தாயாருக்கு இப்படின்னு தெரிஞ்சா யாரு வருவா?"

டாக்டர் ஒன்றும் பேசவில்லை. அதற்குள் அக்குளெல்லாம் பரவி, தோலில் புண்ணாகியிருந்தது. சின்ன ஆபரேஷன் பற்றிப் பேசவே இடமில்லை. இரண்டு வருஷம் இருந்தாள்.

எந்தப் பயத்தில் அவள் மறைத்தாளோ, அந்தப் பயத்துக்கு ஆதாரம் ரொம்பக் குறைச்சல். மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது 5 முதல் 10 சதவீதம்தான். இந்த ஒரு வரியை யாராவது அவளிடம் சொல்லியிருந்தால் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன். ஃபிஷர் இருபது வருஷம் எண்ணிக் கண்டுபிடித்த சின்ன ஆபரேஷன், கட்டி சின்னதாக இருக்கும்போது வருகிறவர்களுக்குத்தான்.

மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி 1998-ல் ஆரம்பித்து ஒரு காரியம் செய்தது. குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்கள். அவர்களில் ஒரு பாதிப் பேரை, பயிற்சி பெற்ற சுகாதார ஊழியப் பெண்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். மெஷின் கிடையாது, கரன்ட் கிடையாது. 20 வருஷக் கணக்கு 2021-ல் வந்தது. நோய் முற்றுமுன்னே கண்டுபிடிக்க முடிந்தது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. பத்து விரல்களின் சாதனை!

அதே ஆஸ்பத்திரியின் தலைமையில், 11 மையங்களில் 1,600 பெண்களிடம் இன்னொரு ஆய்வு. கத்தி வைப்பதற்குச் சில நிமிஷம் முன்னால் கட்டியைச் சுற்றி லிக்னோகெய்ன் ஊசி. பல் பிடுங்கும்போது மரத்துப் போகப் போடுகிறார்களே, அதே மலிவு மருந்துதான். ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஊசி போடாதவர்களில் 86.4 சதவீதம், போட்டவர்களில் 90.1 சதவீதம் என்று 2023-ல் வெளியிட்டார்கள். மற்ற ஊர்களும் செய்து பார்த்து உறுதி சொல்லட்டும். ஆனால், மரத்துப் போகும் ஊசியால் வாழ்க்கையைத் தொலைத்த ஹால்ஸ்டெட் இதைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்.

துவரம்பருப்பு போட்ட கலாட்டா

மறுபடி கழுத்துக்கு வருவோம். இங்கே கதை தலைகீழ்.

தென்கொரியாவில் 1999-ல் அரசு கான்சர் பரிசோதனைத் திட்டம் ஆரம்பித்தது. பட்டியலில் தைராய்டு இல்லை. ஆனால், 'இன்னும் கொஞ்சம் காசு கொடுத்தால் கழுத்துக்கும் ஒரு ஸ்கேன் போட்டுடலாமே' என்று ஆஸ்பத்திரிகள் கூவின. தோசைக்கு வடை எக்ஸ்ட்ரா மாதிரி. 2011-ல் தைராய்டு கான்சர் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் விகிதம், 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு! அந்த ஒரு வருஷத்தில் 40,000 பேருக்கு மேல். ஏறக்குறைய எல்லோருக்கும் ஆபரேஷன்.

அப்படியானால் சாவு குறைந்திருக்க வேண்டுமே? அதே 300, 400தான். அசையவே இல்லை. அதாவது, வெட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டியோடு தொண்ணூறு வயது வரை சௌக்கியமாக இருந்து, வேறு எதிலாவது போயிருப்பார்கள். செலவுப் பக்கத்தில், ஆயுசு பூரா தைராய்டு மாத்திரை. நூற்றில் 11 பேருக்குக் கால்சியத்தைக் கவனிக்கும் பக்கத்துச் சுரப்பி பாதித்தது. நூற்றில் இரண்டு பேருக்குக் குரல் நாண் முடங்கியது. கொரிய டாக்டர்கள் சிலரே 2014-ல் எழுந்து 'நிறுத்துங்கள்' என்று சொன்ன பிறகு, ஒரு வருஷத்தில் ஆபரேஷன்கள் 35 சதவீதம் குறைந்தன.

ஜப்பானின் கோபே நகரத்து குமா ஆஸ்பத்திரி 1993-லேயே வேறு வழி பிடித்திருந்தது. ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, அபாய அறிகுறி இல்லாத கான்சரா? வெட்டாமல், வருஷா வருஷம் ஸ்கேன் செய்து காவல் வைப்பது. அப்படிக் காவலில் இருந்த 1,235 பேரின் கணக்கை 2014-ல் வெளியிட்டார்கள். பத்து வருஷத்தில் கட்டி பெரிதானது நூற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான். தைராய்டு கான்சரால் இறந்தவர் ஒருவர்கூட இல்லை. 2016-ல் உலக நிபுணர்கள் கூடி, ஒரு ரகத் தைராய்டுக் கட்டியின் பெயரிலிருந்து 'கான்சர்' என்ற வார்த்தையையே எடுத்துவிட்டார்கள். 109 பேரைப் பத்து வருஷத்துக்கு மேல் பார்த்தும் ஒருவருக்கும் திரும்பவில்லை. பின்னே எதற்கு அந்தப் பட்டம்?

எல்லாத் தைராய்டு கான்சரும் சாது என்று அர்த்தமில்லை. ரெட் என்ற ஜீனில் பரம்பரைப் பழுது வரும் குடும்பங்களில், கான்சர் தலை காட்டும் முன்பே குழந்தைகளுக்குச் சுரப்பியை எடுத்துவிடுவது 1993-க்குப் பிறகு வந்த வழக்கம். அங்கே முழு வெட்டுதான் சரியான வெட்டு.

என் சிநேகிதர் ஒருவர், வயது 34. கம்பெனி செலவில் மாஸ்டர் ஹெல்த் செக்கப். ஓசி என்றதும் இருக்கிற எல்லா ஸ்கேனுக்கும் கழுத்தை நீட்டியிருக்கிறார். தைராய்டில் 6 மில்லிமீட்டர் கட்டி என்று ரிப்போர்ட். மறுநாள் ஆபீஸில் ஆளைப் பார்க்க முடியவில்லை. பி.எஃப். நாமினி யார் என்று செக் பண்ணப் போயிருந்தார்!

டாக்டர் ஸ்கேனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, இது துவரம்பருப்பு சைஸ். பார்க்கவும் சந்தேகப்படும்படியா இல்லை. ஊசிகூட வேணாம். அடுத்த வருஷம் ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்றிருக்கிறார்.

"கான்சர் இல்லைன்னு எழுதிக் கொடுங்க, சார்."

"அடுத்த வருஷம் நான் உயிரோட இருப்பேன்னு நீங்க எழுதிக் கொடுப்பீங்களா?"

ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள தைராய்டுக் கட்டிக்குப் பொதுவாக ஊசி குத்திப் பார்க்க வேண்டியதில்லை என்று அமெரிக்க தைராய்டு சங்கம் 2015-ல் சொன்னதும் இதையேதான்.

'அங்கே ஓடு என்கிறாய், இங்கே உட்கார் என்கிறாய். என்னதான் பண்ணச் சொல்றே?' என்று உங்களுக்கு எரிச்சல் வரும். வித்தியாசம் இதுதான். மார்பில் கையில் தட்டுப்படும் புதுக் கட்டி, காத்திருக்கக் கூடாத கட்டி. பெரும்பாலும் அது கான்சராக இருக்காது. ஆனால், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நம்முடைய வெட்கம் சொல்லக் கூடாது. தேடாதபோது மெஷின் காட்டிய கழுத்துப் புள்ளி, நிதானமாக யோசிக்க நேரம் கொடுக்கும் சங்கதி. அதுவே வேகமாக வளர்ந்தாலோ, குரல் கம்மினாலோ நேரம் முடிந்தது, ஓடுங்கள்.

ஆபரேஷன் என்று வந்துவிட்டால் கேட்கவேண்டிய கேள்விகள் நாலுதான். என்ன ரகம்? எவ்வளவு வெட்டப் போகிறீர்கள்? அதைவிடக் குறைவாக வெட்டினால் என்ன ஆகும்? வெட்டாமல் காவல் வைத்தால் என்ன ஆகும்? நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கேள்வி கேட்டவர்களால்தான் அவருடைய பாடப்புத்தகமே மாறியிருக்கிறது.

கடைசியாக, ஆபீஸ்காரர்களான நம்மால் செய்ய முடிந்த வேலை ஒன்று. ஃபைலிங். பத்து வருஷத்து வருமான வரி ரிட்டர்னைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறோம். விற்றுத் தொலைத்த ஸ்கூட்டரின் ஆர்.சி. புக்கின் ஜெராக்ஸ்கூட பீரோவில் இருக்கிறது. அம்மாவின், அக்காவின் பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே? அதில்தான் ஹார்மோன் ரகமா, ஹெர்-2 ரகமா என்று எழுதியிருக்கும். அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். கேட்டு வாங்கி, தேதிவாரியாக ஒரு பைல் போடுங்கள். அடுத்த தடவை அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு கேஷுவல் லீவ் போட்டுவிட்டு, அந்தப் பைலைத் தூக்கிக்கொண்டு கூடவே போங்கள்.

மேனேஜர் முறைப்பார். முறைக்கட்டும்.